பேபி கிளாஸுக்குக் கீழ ஒரு ரூம்

எங்க அன்பியத்துல சாத்தானோட ரூமத் தோண்டுற முறை திங்கக்கெழம எங்க வீட்டுக்கு. அன்பியம்னா வேற ஒண்ணுமில்ல, எங்க கோயில்ல தெருவுக்கு ஒண்ணாப் பிரிச்சு வச்சிருக்க ஜெபக் கூட்டம். எங்களுது இருவத்திரெண்டு வீடு. முன்னெல்லாம் முறை வச்சு வீட்டுக்கு வீடு ஜெபமும் சுண்டலும். பெறகு அதே முறைல மண்வெட்டி.

தோண்டுற எடம் ஜெசிந்தா சித்தியோட பேபி கிளாஸ். எங்கம்மா தங்கச்சி, எங்ககூடதான் இருக்கா. பன்னெண்டு வருஷமா தெருப் பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா சொல்லிக் குடுக்கா. கிளாஸுக்குக் கீழ ரூம் இருக்கு, டீச்சர் பிள்ளைகள அங்க கூட்டிட்டுப் போயி சாத்தானுக்குப் பூச பண்ணுதான்னு புகார். தலைவர் நார்பர்ட் மாமா ஒரு பிள்ளைகிட்ட பதினாலு தடவ கேட்டாரு. பதிமூணு தடவ இல்லன்னுச்சு. பதினாலாவது தடவ தலையாட்டுச்சு. அது போதும்.

கிளாஸப் பூட்டி சாவிய மாமா இடுப்புல சொருகிக்கிட்டாரு. அன்பியத்து விதி அப்படி. புகார் வந்த எடத்துக்குப் பூட்டு, வெசாரண முடிஞ்சாதான் சாவி. அதனால பின்பக்கமா எறங்கி அடில தோண்டினோம்.

மொத நாள் ரூம் இல்ல. "நல்லா மறைச்சிருக்கா"ன்னாரு மாமா. பத்தடில இல்ல. இருவதடிலயும் இல்ல. மண்ணு சரியாம இருக்க நாலு பக்கமும் சுவர் எடுத்தோம். வயசானவங்க முறைக்கு எறங்கணும்ல, படி வச்சோம். லைட்டு மாட்டினோம். நாப்பதாவது நாள் மாமா நடுவுல நின்னு சுத்திப் பாத்தாரு.

"இந்தா இருக்குல்லா ரூம்!"

இருந்துச்சு. பன்னெண்டுக்குப் பத்து. எல்லாரும் கை தட்டினோம், நானும்தான்.

பெத்தவங்கல்லாம் குழிலயே கெடந்ததால பிள்ளைகளும் எறங்கி வந்துச்சு. அதுக சும்மா கெடந்து கத்துதேன்னு சித்தியும் எறங்கினா. புதுச் சுவத்துல கரிக்கட்டையால 'அ' எழுதினா.

மாமா நோட்டத் தொறந்தாரு. "ரூம், டீச்சர், பிள்ளைக. மூணும் இருக்கு. சாத்தான் ஒருத்தன்தான் பாக்கி."

"அவனும் வந்துட்டா சாவி தருவீங்களா அண்ணே?"

"அவன் வந்துட்டா நீ தெருவ விட்டே போயிரணும் ஜெசிந்தா."

"வரலன்னா?"

"தோண்டிக்கிட்டே இருப்போம்."

சித்தி தலையாட்டிட்டு, அட்டெண்டன்ஸ் நோட்ல கடைசிப் பேரா சாத்தான எழுதிக்கிட்டா. தெனமும் கூப்பிடுவா. பதில் வராது. ஆப்சென்ட் போட்டுட்டுப் பாடத்துக்குப் போயிருவா.

ஒம்பது நாள் பொறுத்தாரு மாமா. பத்தாவது நாள் பிள்ளைக பக்கம் திரும்பி, "ஏல, இதுல யாருல சாத்தான்?"னு கேட்டாரு.

கேள்வி கேட்டா கைய தூக்கணும்னு சித்தி சொல்லிக் குடுத்திருந்தா. இருவத்திரெண்டு வீட்டுப் பிள்ளைகளும் தூக்கிச்சு. என் தங்கச்சி தூக்கினா. மாமாவோட பேத்தி பெனிட்டா ரெண்டு கையவும் தூக்கினா.

"நீயா மக்ளே?"

"ஆமா தாத்தா. நேத்தும் நாந்தான்."

"பதினாலு தடவ கேளுங்க அண்ணே"ன்னா சித்தி.

கேட்டாரு. பதினாலு தடவையும் ஆமான்னா.

வெசாரண முடிஞ்சுது. பூச ஒண்ணும் நடக்கல, சாத்தானுகதான் டீச்சர்கிட்ட படிக்க வந்திருக்குன்னு நோட்ல எழுதியாச்சு. சித்திக்குச் சாவி கெடச்சிருச்சு. புகார் அந்தந்தப் பிள்ளைக வீட்டு மேல போச்சு. விதி விதிதான். இருவத்திரெண்டு வீட்டுக்கும் பூட்டு. மாமா தன் வீட்ட தானே பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டாரு.

தொறந்து கெடக்கது பேபி கிளாஸ் ஒண்ணுதான். அதனால தெருவே இப்போ அங்கதான் இருக்கு. மத்தியானம் சித்தி சொன்னதும் பாய விரிச்சு எல்லாரும் படுத்துக்கிடுதோம். வெளிய போணும்னா மாமாவும் சித்திகிட்ட ஒத்த வெரலக் காட்டுவாரு.

காலைல ஒம்பது மணிக்கு அட்டெண்டன்ஸ். அவங்கவங்க பேருக்கு அவங்கவங்க "உள்ளேன் டீச்சர்" சொல்லுவோம். கடைசிப் பேருக்கு மட்டும் எல்லாரும் சேந்து கைய தூக்குவோம். சித்தி ஒவ்வொரு கையா எண்ணிப் பாத்துட்டு, டிக் அடிச்சிட்டு, 'அ'வுலருந்து ஆரம்பிப்பா.