இருபத்தைந்து ஓட்டை

எண்பத்தெட்டில் ஆயுத பூஜை முடிந்து நாலு நாளாகியும் எங்கள் கல் பாலிஷ் கம்பெனியில் பிரிண்டர் ஓடவில்லை. கம்ப்யூட்டரின் முதுகில் பிரிண்டர் வயர் மாட்டுகிற இடம் கெட்டுவிட்டது என்றார்கள். வயரை முரட்டுத்தனமாகக் குத்திக் கெடுத்தது டைப் அடிக்கிற புஷ்பமேரிதான் என்று மேனேஜர் காளியப்பன் முடிவு கட்டியிருந்தார். சேலத்து ஆள் வந்து புது கார்டு மாட்டியதும் அவள் வேலையை விட்டு நின்றுகொள்ள வேண்டும். பாப்பாரப்பட்டியில் அவள் வீட்டு அடுப்பு இந்தச் சம்பளத்தில்தான் எரிந்தது.

சேலத்திலிருந்து சின்னப்பராஜ் வந்தார். கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கித் திருப்ப, கல் அறுக்கிற மிஷினில் நின்ற என்னைக் கூப்பிட்டார்கள். மூடியைக் கழற்றி, உள்ளே காலியாயிருந்த பள்ளத்தில் பச்சை அட்டை ஒன்றை அழுத்தி உட்காரவைத்தார். வயர் மாட்ட அதற்கு இரண்டு வாய். ஒன்று பிரிண்டருக்கு, இன்னொன்று பின்னால் வாங்கப்போகிற எதற்காவது ஆகும் என்றார். பிரிண்டர் கிர்ரென்று ஓடியது. மேனேஜர் புஷ்பமேரியைப் பார்த்தார். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சின்னப்பராஜ் பழைய வாயில் டார்ச் அடித்தார். இருபத்தைந்து ஓட்டை. குண்டூசியால் ஒன்றைக் கிளறினார். மஞ்சளாக உதிர்ந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது.

பூஜைக்கு மிஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்தது நான். கல் மிஷினில் நட்டு, ஓட்டை எதையும் விடாமல் சந்தனம் அப்புவோம். விட்ட இடத்தில் கை மாட்டி அறுந்துபோகும் என்பார்கள். கம்ப்யூட்டருக்கும் வயரைப் பிடுங்கிவிட்டு அப்படியே அப்பினேன். மறுநாள் மேலாகத் துடைத்தேன், அவ்வளவுதான்.

சொன்னால் என்னை வேலையைவிட்டு நிறுத்தலாம். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நாந்தானுங்க அதுல சந்தனம் வெச்சேன். அந்தப் புள்ள அன்னிக்கு லீவுங்க" என்றேன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். சின்னப்பராஜ்தான் சிரித்தார். "ஏனுங்கண்ணா, மிஷினுக்கு நெத்தி முன்னாலதான இருக்குது? முதுகுல எதுக்குப் பொட்டு?"

"கல்லு மிஷினுக்கு எல்லாப் பக்கமும் வெப்போமுங்க."

அரை மணி நேரம் குத்திக் கிளறி, ஸ்பிரிட் விட்டுக் கழுவினார். பழைய வாயிலும் பிரிண்டர் ஓடியது. இனி ஆபீஸ் பக்கம் நான் தலைகாட்டக் கூடாது என்றார் காளியப்பன். புஷ்பமேரியிடம் தேங்கிக் கிடந்த லாரி லிஸ்ட்டை டைப் அடிக்க எடுத்து நீட்டினார். அவள் பையை மேசைக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் வெளியே வந்தேன். பாதி அறுத்த கல் மிஷினிலேயே இருந்தது. பிளேடு மேல் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.