பத்து மணிப் பெரட்டு

இருளாயிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஈப்போவின் புந்தோங் முழுக்கச் சொல்லிவைத்தவன் அவளுடைய தங்கை மகன் உடையப்பன்தான். சும்மா சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். கோவிலில் அவள் கையைப் பிடித்துப் பிரகாரம் சுற்றும்போது, பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் தான் கல்யாணமே கட்டவில்லை என்று நாலு பேர் காதில் விழ வைத்தான். கேட்ட பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்றார்கள். வாய்த்த லட்சணம் இருளாயிக்கல்லவா தெரியும்.

வீடு அவளுடையது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் பால்மரம் வெட்டி, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவளும் புருஷனும் சேர்ந்து ஈப்போவில் வாங்கிய கல்வீடு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, எண்பத்தோராம் வருஷத்தில், பத்து நாள் தங்கிப் போகிறேன் என்று சித்தியவானிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தான் உடையப்பன். அவனும் அதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன்தான்; பதினேழு வயதில் தோட்டத்தை உதறிவிட்டுப் போனவன். பத்து நாள் ரெண்டு வருஷமாயிற்று. முதலில் முன் அறை அவனுடையதாயிற்று, பிறகு அவளுடைய பெரிய அறையும் போயிற்று. இருளாயி சமையற்கட்டுக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்குக் குடிபோனாள்.

எல்லாம் அவளுடைய நன்மைக்குத்தானாம். விழுந்துவிடுவாள் என்று வெளிக்கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனான். தொலைத்துவிடுவாள் என்று மூக்குக்கண்ணாடியை அலமாரியில் வைத்தான். செருப்பையும் எடுத்துவிட்டான். வயசான உடம்புக்கு அரை வயிறு போதும் என்று காலையில் ஒரு கிண்ணம் கஞ்சி வைத்தால் பொழுது சாயும்வரை அதுதான். யாராவது வந்தால் அவளைச் சாமான் அறைக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டான். ஒருநாள் அவள் முரண்டு பிடித்தபோது கையை முறுக்கினான், மணிக்கட்டில் கருத்த தடம் பிறகு மறையவே இல்லை. கம்பெடுத்து அடித்தால்தான் கொடுமை என்று இருளாயி நினைத்துக்கொண்டிருந்தாள். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொந்தத் தங்கை பிள்ளையைப் பற்றி வெளியில் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

அதற்காகச் சும்மா இருந்தாளா என்றால், அதுதான் இல்லை. அவன் அவள் செருப்பை எடுத்தான் அல்லவா, அவள் அவனுடைய இடதுகால் சப்பாத்துகளை மட்டும் எடுத்தாள். ஒன்றல்ல, மூன்று. பழைய பால்வாளிக்குள் போட்டு, மேலே தேங்காய்மட்டையை அடுக்கிவிட்டாள். வலதுகால் சப்பாத்து மூன்றை வைத்துக்கொண்டு உடையப்பன் வீடெல்லாம் தவழ்ந்து தேடியபோது, அவள் கதவிடுக்கில் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாவி, அதையும் அவன் பைத்தியக் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

அந்தக் கணக்கில் முதல் இடம் பெற்றது வேறொன்று. தினமும் காலை ஐந்தரைக்கு அவள் சமையற்கட்டு ஜன்னலில் நின்று, "இருக்கேங்க" என்று குரல் கொடுப்பாள். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட, ஆட்கள் சொல்கிற பதில் அது. தோட்டமே போன பிறகு பெரட்டு ஏது? முன் அறையில் போர்வைக்குள் கிடந்த உடையப்பன் காதில் அவள் குரல் மட்டும்தான் விழுந்தது.

பெரட்டு இருந்தது. மண்டோர் சன்னாசியும் அதே தோட்டத்திலிருந்து புந்தோங்குக்கு வந்துவிட்டவர்தான். அவருக்கு எழுபத்து மூன்று வயது, தூக்கம் நாலரைக்கே கலைந்துவிடும். தோட்டத்துக் கூட்டாளி ஐயாவு தனியறையில் செத்து ரெண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்ததிலிருந்து, பழைய ஆட்கள் பன்னிரண்டு பேர் வீட்டுப் பின்சந்திலும் சைக்கிளில் போவார். முன்பு பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். அக்கம்பக்கத்தார் திட்டவே மணியோடு நிறுத்திக்கொண்டார். ரெண்டு தரம் மணியடிப்பார், உள்ளேயிருந்து பதில் வந்தால் அடுத்த வீடு. வராவிட்டால் இறங்கிக் கதவைத் தட்டுவார்.

ஒரு திங்கட்கிழமை உடையப்பன் வேலியோரம் நின்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னது சாமான் அறைக்குள் கேட்டது. பைத்தியத்துக்குக் காதும் கேட்காது என்று அவனுக்கு யார் சொன்னார்களோ. வியாழக்கிழமை பத்து மணிக்குக் கிளினிக்கிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி வருகிறாளாம். புத்தி சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பெரியம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாமாம். வீட்டைத் தானே பார்த்துக்கொள்வானாம்.  இந்த வாசலை விட்டு ஒருமுறை வெளியே கொண்டுபோனால் திரும்பி வரமுடியாது என்று இருளாயிக்கு நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் காலை மணி அடித்தபோது அவள் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. சன்னாசி சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு வருஷத்தையும் ரெண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். சன்னாசிக்கு முகம் தொங்கிப் போயிற்று.

"தெனம் மணியடிச்சேன், பதில் வந்தா போதும்னு போயிட்டேன். எப்படி இருக்கேன்னு ஒரு நாளு கேக்கலியே, இருளாயி."

"இப்பக் கேட்டுட்டீங்கல்ல. வியாழக்கெழம பத்து மணிக்கு என்னையப் பைத்தியம்னு எழுத வராங்க, மண்டோரு."

சன்னாசி தாடையைச் சொறிந்தார். பிறகு அவர் கண்ணில் பழைய குறும்பு வந்து உட்கார்ந்தது.

"பத்து மணிக்கா? சரிலா. அப்ப அன்னிக்குப் பெரட்டு பத்து மணிக்கு."

வியாழக்கிழமை உடையப்பன் லீவு போட்டுவிட்டு, பெரியம்மாவுக்குத் தலைவாரி, புதுச்சேலை கட்டச் சொல்லி, புதுச்செருப்பு மாட்டி, கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தான். வாயைத் திறக்கக்கூடாது என்று காதோரம் எச்சரித்தான். மிஸ்ஸி ஹில்டா வந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் பைல், கண்ணில் மட்டும் அவசரமே இல்லை. என்ன கிழமை என்று இருளாயியைக் கேட்டாள், உடையப்பன் பதில் சொன்னான். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள், அதற்கும் அவனே நாசி லெமாக் என்றான். ஹில்டா தலையாட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் தானே எடுத்துக்கொள்வதாகச் சமையற்கட்டுக்குப் போனாள். திரும்பி வரக் கொஞ்சம் நேரமாயிற்று. வந்தவள் இருளாயியின் காலைப் பார்த்தாள். புதுச்செருப்பின் அடியில் கடை விலைச்சீட்டு கிழிக்கப்படாமல் ஒட்டியிருந்தது.

உடையப்பன் குரலைத் தழைத்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தான். சப்பாத்தைச் சொன்னான். விடியற்காலையில் ஆளில்லாத பின்சந்தைப் பார்த்துப் பெரட்டுக்குப் பதில் சொல்வதைச் சொன்னான். இன்னும் தோட்டத்தில் இருப்பதாகவே நினைப்பு, பாவம், என்றான்.

வாசலில் சைக்கிள் மணி ரெண்டு தரம் அடித்தது.

வேலிக்கு வெளியே பதினோரு கிழங்கள் வரிசை கட்டி நின்றன. ஊன்றுகோல் மூன்று, குடை நாலு. மாராப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மங்களம் வேறு. எல்லோருக்கும் முன்னால், பழைய மண்டோர் தொப்பியோடு சன்னாசி. அன்று மணியோடு நிறுத்திக்கொள்வதாக அவருக்கு உத்தேசம் இல்லை. முப்பது வருஷம் பால்மரத் தீம்பார் மேட்டைத் தாண்டிக் கேட்ட குரலை மறுபடி எடுத்தார்.

பிச்சைமுத்து என்றார். இருக்கேங்க என்றார் பிச்சைமுத்து. மங்களம் என்றார். இருக்கேங்க என்றாள் மங்களம். வரிசையாகப் பதிலும் வந்தது. கடைசியில் இருளாயி பேரைச் சொன்னார். அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, தெளிவாக, இருக்கேங்க என்றாள்.

"பாத்தீங்களா மிஸ்ஸி, நான் சொன்னேன்ல" என்று உடையப்பன் ஹில்டா பக்கம் திரும்பினான்.

"உடையப்பன்" என்று வந்தது வாசலிலிருந்து அடுத்த குரல்.

அவன் பன்னிரண்டு வயதில் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் பொறுக்கப் போனவன். அஞ்சு வருஷம் இதே சன்னாசியின் பெரட்டில், பதில் சொல்லத் தாமதித்தால் அன்றைக்கு வேலை இல்லை என்கிற பயத்தில் நின்றவன். மூளை யோசிக்குமுன் கால் ரெண்டும் சேர்ந்தன, கை ரெண்டும் தொடையோடு ஒட்டின.

"இருக்கேங்க, மண்டோரு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது. வேலிக்கு வெளியே மங்களம் முதலில் சிரித்தாள், பிறகு வரிசையே குலுங்கியது. ஹில்டா பைலால் வாயை மறைத்துக்கொண்டாள். அவளும் தைப்பிங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான், பெரட்டு என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பைல் கீழே இறங்கியபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணே, பின்னால ரூம்புக்குத் தாழ்ப்பா ஏன் வெளிப்பக்கம் இருக்கு?"

 உடையப்பனை வாசலில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, ஹில்டா நாற்காலியை இழுத்து இருளாயியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது பாட்டியை மட்டும்தான் கேட்கிறேன் என்றாள்.  இருளாயிக்குச் செத்துப்போன தங்கை முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. பிறகு வெளியே வெயிலில் நிற்கிற பதினோரு பேரைப் பார்த்தாள். மெதுவாகப் புடவைத் தலைப்பை விலக்கி மணிக்கட்டைக் காட்டினாள். பூட்டையும் கஞ்சியையும் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் ஒன்றையும் விடவில்லை. ஹில்டா ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். எழுதியது முதியோர் இல்லத்துக்கான தாள் அல்ல, போலீசுக்கும் நலத்துறைக்கும் போகிற தாள் என்று போகும்போது உடையப்பனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அன்று மாலையே அவன் பெட்டியைக் கட்டினான். சன்னாசி கையை நீட்டி வாசல் சாவியை வாங்கினார். இருளாயி பால்வாளியைக் கொண்டுவந்து அவன் காலடியில் கவிழ்த்தாள், மூன்று இடதுகால் சப்பாத்தும் உருண்டன. ஜோடி சேர்த்து எண்ணிப் பார்த்துக்கொள் என்றாள்.

மறுநாள் ஐந்தரைக்கு மணி அடித்தபோது அவள் ஜன்னலில் இல்லை. பின்கதவைத் திறந்துகொண்டு, இடுப்பில் சாவியும் காலில் செருப்புமாகச் சந்திலேயே நின்றாள். இருக்கேங்க என்றாள். சன்னாசி அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிளில் உட்கார்ந்தபடி, நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, கையி வலி எப்படி என்று வரிசையாகக் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டார். பிறகு ஏதோ நினைத்தவர்போலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டார்.

"உடையப்பன்."

முன் அறை காலியாகக் கிடந்தது. எப்படியும் தங்கை பிள்ளை என்று ஒரு கணம் இருளாயிக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. அடுத்த கணம் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பேரு வெட்டியாச்சு, மண்டோரு" என்றாள்.