நன்றி சொல்லாத விருந்தாளி

சான் எலாடியோ நகரத்தில், குதிரையேறி மாடு மேய்த்த கௌச்சோக்களின் பாரம்பரியச் சங்கத்தின் தலைவர் ஃபுல்ஹென்சியோவுக்குக் குதிரை என்றால் உயிர், அது தூரத்தில் நிற்கும்வரை. தொழில் பத்திரப்பதிவு. சனிக்கிழமை மதியமானால் கோட்டைக் கழற்றிவிட்டு, மனைவி தெல்மிரா இஸ்திரி போட்டுக் கொடுத்த தொளதொள கால்சட்டையும் வெள்ளிக்காசு பதித்த இடுப்புவாருமாக மாடு மேய்த்த முன்னோர்களின் வாழ்க்கையை வாழக் கிளம்பிவிடுவார். காரில்.

அந்த வருட ஊர்வலம் அவருக்கு மற்ற வருடங்களைப் போல அல்ல. கண்ணாடிப் பெட்டியில் இருந்த நெடுங்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் குதிரையில் போகப்போகிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா கேப்டன் லெயாந்த்ரோ, நியேவெஸ் என்ற கொள்ளைக்காரனை ஆற்றங்கரையில் எதிரெதிரே நின்று வீழ்த்திப் பறித்த கத்தி அது. அந்த ஒற்றைக் கத்தியின் தயவில்தான் கொள்ளுத்தாத்தாவுக்குத் தன் பெயரில் ஒரு தெருவும் மார்பளவுச் சிலையும் கிடைத்தன. கொள்ளுப்பேரனுக்குத் தலைவர் பதவி கிடைத்ததும் அதனால்தான். கத்தியின் கதை போனால் கூடவே எல்லாம் போய்விடும் என்பது பத்திரம் எழுதுகிறவருக்குத் தெரியாதா என்ன?

ஊர்வலத்துக்கு முந்தின நாள், வெயிலுக்குப் பயந்து நாய்கூடத் தெருவில் இல்லாத மதியத் தூக்க நேரத்தில், மறுநாள் சதுக்கத்தில் பேச வேண்டிய சொற்பொழிவுக்குச் சங்கத்தில் ஒத்திகை நடந்தது. கேட்க ஒரே ஆள், செயலாளர் உபால்தோ. அவர் பல் டாக்டர், யாருடைய வாயையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். சங்கத்து வழக்கப்படி தலைவர்தான் மாத்தே பானம் ஊற்ற வேண்டும். சுரைக்குடுக்கையில் இலைத்தூள் நிரப்பி, வெந்நீர் விட்டு, வெள்ளிக்குழலால் தான் உறிஞ்சி, மறுபடி வெந்நீர் விட்டு அடுத்தவருக்கு நீட்டுவார். வாங்கிக் குடித்தவர் குடுக்கையைத் திருப்பித் தரும்போது "நன்றி" என்று சொன்னால், போதும், வட்டத்திலிருந்து எழுந்துவிட்டார் என்று அர்த்தம். சொல்லாதவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபுல்ஹென்சியோ நிரப்பிய குடுக்கையைப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியின் ஆட்டுத்தோல்மேல் சாய்த்து வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஆண்மகனும் ஆண்மகனும் எதிரெதிரே நின்று..."

கர்ர்ர்ர்.

குடுக்கையின் அடியில் தண்ணீர் தீரும்போது வெள்ளிக்குழல் எழுப்புகிற சத்தம். நல்ல மரியாதை தெரிந்தவர்கள் அதை இவ்வளவு உரக்க எழுப்ப மாட்டார்கள்.

"உபால்தோ, பேசும்போது உறிஞ்சாதய்யா."

"நான் எங்க உறிஞ்சினேன் தலைவரே? என் வாய் நிறைய பிஸ்கட்."

குடுக்கை நாற்காலியில்தான் இருந்தது. உள்ளே பார்த்தார்கள். இலைத்தூள் வறண்டிருந்தது. குழல் மட்டும் சூடாக இருந்தது. ஆட்டுத்தோலின் நடுவில் யாரோ உட்கார்ந்த பள்ளம். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளம் சற்று அகன்றது. வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது போல.

உபால்தோவுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு கடைவாய்ப்பல் நோயாளி ஞாபகத்துக்கு வந்துவிட, கிளம்பிவிட்டார்.

வீட்டில் அவர் நடந்ததைச் சொன்னதும் தெல்மிரா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "குடிச்சாருல்ல, நன்றி சொன்னாரா?"

"யாரு சொல்றது? அங்க யாருமே இல்லங்கிறேன்!"

"சொல்லலன்னா இன்னும் வட்டத்துல இருக்காரு. போய் ஊத்துங்க. விருந்தாளிய காக்க வைக்காதீங்க."

"விளையாடாத தெல்மிரா."

"நானா விளையாடறேன்? அறுபது வயசுல கால்ல குதிரைய குத்தற முள்ளு சக்கரம் கட்டிக்கிட்டு காரோட்டற ஆளு நீங்க."

அவர் சங்கத்துக்குத் திரும்பிப் போனார். பயத்தைவிடக் கவலைதான் அவரைத் தள்ளிக்கொண்டு போனது. நாளைக்குச் சதுக்கத்திலும் இப்படிச் சத்தம் வந்தால்?

குடுக்கையை நிரப்பி நாற்காலியில் வைத்தார். பத்திரத்தின் பிழையைத் தேடுவது போல ஒவ்வொரு வாசகமாகச் சொல்லிப் பார்த்தார்.

"எதிரெதிரே நின்று..." கர்ர்ர்ர். மறுபடி நிரப்பினார்.

"ஆற்றங்கரையில்." சத்தமில்லை. குடுக்கையிலிருந்து ஆவி மட்டும் எழுந்தது.

"கத்தியோடு கத்தி..." கர்ர்ர்ர். நிரப்பினார்.

"கேப்டனின் நெருப்பருகே." அமைதி.

"எதிரியாக..." கர்ர்ர்ர்.

நிரப்பினார். "விருந்தாளியாக," என்றார் மெல்ல. அமைதி. "கையில் குடுக்கையோடு." அமைதி. அடுத்த வாசகத்தைச் சொல்ல அவருக்கு மனமில்லை. ஆனால் உதடு தானே அசைந்தது. "பின்னாலிருந்து."

குடுக்கை தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. அவருடைய முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, ஒரு விரல் இடத்தைக் காட்டியது போல அழுந்தி விலகியது.

சான் எலாடியோவில் பெண்டாட்டியை ஏமாற்றியவன் பெயரில் தெரு உண்டு. வரி கட்டாதவன் பெயரில் பள்ளிக்கூடம் உண்டு. ஆனால் மாத்தே கையில் இருக்கும்போது, நன்றி சொல்லி எழுவதற்குமுன், ஒருவனைக் குத்தியவனுக்கு அங்கே நாய்கூட வாலாட்டாது.

மறுநாள் சதுக்கம் நிரம்பி வழிந்தது. ஊரே கையில் குடுக்கையும் அக்குளில் வெந்நீர் தெர்மாஸுமாக நின்றது. ஃபுல்ஹென்சியோ பழைய கதையையே சொல்லும் முடிவோடுதான் வந்திருந்தார். ஒலிபெருக்கியின் இரைச்சலில் எந்தச் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? மேடையேறி, இடுப்பிலிருந்த கத்தியைத் தட்டிக்கொண்டு முழங்கினார்.

"எதிரெதிரே நின்று!"

சதுக்கத்திலிருந்த அத்தனை குடுக்கைகளும் ஒரே நேரத்தில் கர்ர்ர்ர் என்றன.

குதிரைகள் காதைப் பின்னுக்கு மடித்தன. மக்கள் தங்கள் குடுக்கைக்குள் எட்டிப் பார்த்தார்கள். மேயர் தன்னுடையதைக் கவிழ்த்து உலுக்கினார். உலர்ந்த தூள் அவருடைய புது போஞ்சோப் போர்வையில் கொட்டியது.

தலைவர் இன்னொரு முறை முயன்றார். "எதிரெ..."

இந்த முறை சத்தம் வெளியே எங்கும் கேட்கவில்லை. அவருடைய தொண்டைக்குள்ளிருந்து வந்தது. நாக்கின் ஈரம் பின்னோக்கி இழுபட்டது. கண்ணீரும் போனது, இமை கண்ணோடு ஒட்டியது. தன்னை யாரோ நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள், அடி தட்டப்போகிறது என்று அவருக்குப் புரிந்தது.

"முதுகுல குத்தினாரு," என்றார். மேடைக்குரல் போய், வீட்டில் உப்பு கேட்கும் குரல் வந்திருந்தது. "எங்க கொள்ளுத்தாத்தா. நியேவெஸ் மாத்தே குடிச்சிக்கிட்டு இருந்தான். எங்க நெருப்புக்கிட்ட உக்காந்து. முதுகுல குத்தினாரு."

காது மடலுக்கு அருகே, வருடக்கணக்கில் பேசாத ஆண்குரல் ஒன்று, கோபமில்லாமல், வயிறு நிறைந்தவன் சொல்வது போலச் சொன்னது.

"நன்றி."

இடுப்பு லேசானது. உறை இருந்தது, கத்தி இல்லை.

மேயர்தான் முதலில் சுதாரித்தார். "கத்தி இல்லாம ஊர்வலம் போலாமா, கூடாதா? பேண்டுக்காரங்க வெயில்ல நிக்கிறாங்க."

"போலாம்," என்றார் உபால்தோ. "நான் வேணா முன்னாடி போறேன். தலைவரே... அதாவது, முன்னாள் தலைவரே, தொப்பிய கொஞ்சம் குடுக்கறீங்களா?"

ஊர்வலம் போனது. அவர் இருந்த பக்கம் யாரும் திரும்பவில்லை. தெல்மிரா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தேவாலயச் சுவரோரம் கிடந்த நாற்காலியில் அவரை உட்காரவைத்து, தெர்மாஸைத் திறந்தாள்.

"குடிங்க. உதடெல்லாம் வெடிச்சிருக்கு."

குடித்தார். குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தார். நன்றி சொல்லவில்லை. அவள் மறுபடி ஊற்றினாள். மறுபடி குடித்தார், மறுபடி சொல்லவில்லை.

"ஒட்டகமாட்டம் எவ்வளவு குடிப்பீங்க? போதும்னா சொல்லுங்க."

அவர் தலையாட்டி மறுத்தார். வட்டத்தில் இருப்பவனை யாரும் தொடக் கூடாது, அது ஊர் வழக்கம். நன்றி சொல்லாதவரை ஒன்றும் ஆகாது. நியேவெஸும் அப்படித்தான் நம்பியிருப்பான் என்று தோன்றியதும், ஃபுல்ஹென்சியோ எழுந்து, நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முதுகை அதில் நன்றாக அழுத்திக்கொண்டு, குடுக்கைக்காகக் கையை நீட்டினார்.