பன்னிரண்டு குப்பிகள்

சாவியை இரண்டாவது முறை திருப்பியபோதுதான் ஆய்வக மேசையின் இழுப்பறை திறந்தது. கணவனின் மருத்துவ அட்டை மேலேயே கிடந்தது. அதைக் காட்டினால்தான் ஆஸ்பத்திரியில் உடலைத் தருவார்களாம். கொழுந்தன் அங்கே காத்திருந்தான். அட்டையைக் கைப்பையில் போட்ட பிறகும் அவள் கிளம்பவில்லை.

ஆய்வக மூலையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"காலையில அவர் போட்டதா?"

"ஆமாக்கா." அவரோடு வேலை பார்த்தவள், விஷயம் கேள்விப்பட்டு வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருந்தாள். "பன்னிரண்டு குப்பி வச்சிருக்கார். மூணாவது ஓடும்போதுதான்..." மிச்சத்தை விழுங்கினாள். "இப்போ ஏழாவது."

"நிறுத்திடலாமே."

"பட்டுனு நிறுத்தினா குழாய் கெட்டுப்போயிடும்க்கா. சார் அடிக்கவே வருவார்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பதினோரு வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் அவர் இங்கே வந்திருக்கிறார். இன்றைக்கு விட்டால் இனி யாரிடமும் கேட்க முடியாது.

"ஞாயித்துக்கிழமையில அப்படி என்ன வேலை அவருக்கு?"

"பிளாஸ்டிக்குக்கு எடை பாக்குறதுதான். அதோட ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நீளச் சங்கிலி. கரைச்சு இந்தக் குழாய்ல விடுவோம். உள்ள பூரா ஓட்டை ஓட்டையா குட்டி மணிங்க. பெருசுங்க ஓட்டையில நுழைய முடியாம நேரா வெளிய வந்துடும். சிறுசுங்க கடைசியிலதான் வரும். வீடு வீடா நுழைஞ்சு நலம் விசாரிச்சுட்டு வருதுங்கன்னு சார் சொல்வார்."

"அவரா? பக்கத்து வீட்டுக்காரன் பேரு கூட தெரியாது அவருக்கு."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு சட்டென்று நின்றது.

"கிளை விட்ட சங்கிலிதான்க்கா தகராறு. சுருண்டு கிடக்கும், இடம் அடைக்காது. அதனால லேட்டா வரும். மெஷின் அதை லேசுன்னு சொல்லிடும். சார் ஒத்துக்கவே மாட்டார். ஒளியைப் பாய்ச்சிப் பாத்து, நிஜ எடை இதுதான்னு எழுதுவார்."

அவள் கைப்பையோடு திரையருகே போனாள். குப்பிகளின் பட்டியல் தெரிந்தது. பன்னிரண்டு வரியிலும் ஒரே பெயர்.

"எல்லாம் ஒண்ணா இருக்கே?"

"அது... எடை ஏற்கெனவே தெரிஞ்ச சாம்பிள். மெஷின் சரியா இருக்கான்னு பாக்க."

"போன ஞாயிறு காட்டு."

அதே பெயர். பன்னிரண்டு தடவை. அதற்கு முந்தைய ஞாயிறும் அப்படித்தான்.

"எத்தனை தடவை பாக்கணும்?"

உடன் வேலை பார்த்தவள் மேசை விளிம்பைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"ஒரு தடவை போதும்க்கா."

அவள் தலையசைத்தாள். அழுகை வருமென்று நினைத்தாள், வரவில்லை. ஞாயிறு காலையில் அவர் வாசலைத் தாண்டியதும் அவளும் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிடுவாள். ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்டதும் அதை அணைத்துவிடுவாள். இருபது வருடத்தில் ஒரு சண்டை கிடையாது. "உங்களுக்கென்னம்மா, குடுத்துவச்சவங்க" என்று எல்லோரும் சொல்வார்கள்.

கைபேசி அடித்தது.

"அண்ணி, அட்டை கிடைச்சுதா? இங்க கேக்குறாங்க."

"கிடைச்சுது."

"அப்போ கிளம்பிட்டீங்களா?"

"இல்ல. இங்க இன்னும் அஞ்சு பாக்கி இருக்கு. முடியட்டும்."

"என்ன அஞ்சு? அண்ணி?"

அவள் கைபேசியை அணைத்தாள். உடன் வேலை பார்த்தவள் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இயந்திரத்தின் பின்னாலிருந்து வந்த மெல்லிய குழாய், கீழே கண்ணாடிப் பாட்டிலுக்குள் இறங்கியிருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, சற்று நின்று, விழுந்தது. அடுத்தது திரளத் தொடங்கியது.