எஸ்ஸுக்குப் போன கை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு மிஹோ ஆப்பிள் கொடுக்க வந்தவள், என் வாசலில் நின்று அழுதாள். ஜப்பானில், இந்த நாகனோவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன், அடுத்த வீட்டு வாசலில் நின்று அழுத ஒருவரையும் பார்த்ததில்லை.

2

'மலையிறக்கத்தில் கார் உறுமியபோது மிஹோவுக்கு உயிரே—'

வேண்டாம், சினிமாத்தனம். நடந்ததையே சொல்கிறேன்.

மிஹோவின் அப்பா தோகுஜிக்கு எழுபத்தெட்டு வயது. வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு மலையிறங்கிக்கொண்டிருந்தார். ஆட்டோமேட்டிக் கார். ஒரு வளைவுக்கு முன்னால் கியரை எதற்கோ அசைத்தார், இன்ஜின் ஊவென்று கத்தியது. பக்கத்தில் இருந்த மிஹோ டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். வயதானவர்கள் பிரேக் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்துக் கடைக்குள் புகுந்த செய்தி ஓயாமல் வருகிற நாடு இது.

"அப்பா, எதை மிதிக்கிறீங்க?"

"எதையும் மிதிக்கலைம்மா."

அந்தப் பதில்தான் அவரைக் கவிழ்த்தது. எதை மிதிக்கிறோம் என்றே அப்பாவுக்குத் தெரியவில்லை என்று மிஹோ முடிவுகட்டிவிட்டாள்.

(அவர் ஏன் விளக்கவில்லை? இங்கேதான் இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. வாதாட வைத்துப் பார்த்தேன், அவர் வாயில் ஒட்டவில்லை. மகள் தன்னைக் கண்டு பயந்துவிட்டாள் என்பதே அவரைக் கூசவைத்திருக்கும்.)

3

இனிமேல் ஓட்ட வேண்டாம் என்று மிஹோ கெஞ்சினாள். மறுவாரம் அவர் காவல் நிலையம் போய் ஓட்டுநர் உரிமத்தை ஒப்படைத்தார். அதில் ஓட்டை போட்டு, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள். இனி வேண்டுமென்றால் முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும்.

ஐந்து மாதம் கழித்து அதே காரில் அதே சாலையில் மிஹோ தனியாக இறங்கினாள். வழியெல்லாம் பிரேக்கை மிதித்தபடியே வந்தாள். பாதியில் கருகல் வாடை, அப்புறம் பிரேக் பிடிக்கவில்லை. மேடான ஓரத்தில் ஏற்றி எப்படியோ நிறுத்தினாள். உதவிக்கு வந்த மெக்கானிக் கியரில் இருந்த 'எஸ்' எழுத்தைக் காட்டினார்.

"ஸ்போர்ட் மோடு வேகமா போறதுக்கு மட்டும்னு நினைச்சீங்களாக்கும். இறக்கத்துல இதுல போட்டா இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும். சத்தம் பெருசா வரும், வேகம் குறையும்."

அப்பா கியரை அசைத்த அன்றைக்கும் வேகம் குறைந்துதான் இருந்தது. பயத்தில் அவள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

4

முடிவு ஒன்று: அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறாள், அவர் சிரிக்கிறார். பொய்.

முடிவு இரண்டு: அவள் சொல்லவேயில்லை, அவர் ஓட்டை விழுந்த உரிமத்தைப் பர்ஸில்—

இல்லை. நான் ஒன்றை மறைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால்தான் முடிவு வரமாட்டேன் என்கிறது.

தோகுஜி ஓட்டிய அன்றைக்குப் பின்சீட்டைக் காலியாக விட்டு எழுதியிருந்தேன். அது காலியில்லை, நான் உட்கார்ந்திருந்தேன். தோகுஜியின் கை எஸ்ஸுக்குப் போனதைப் பார்த்தேன். என் காரிலும் அது உண்டு, எதற்கென்றும் எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டேன்.

வாசலில் மிஹோ கேட்டது இதைத்தான்: "நீங்க பின்னாடிதானே இருந்தீங்க. உங்களுக்கும் தெரியலையா?"

"தெரியலையே" என்றேன். ஆப்பிளையும் வாங்கிக்கொண்டேன்.

நாளைக் காலை ஏழு நாற்பது பஸ்ஸுக்குத் தோகுஜி என் வீட்டைத் தாண்டி நடந்து போவார். நான் வெளியே வரலாம், வராமலும் இருக்கலாம். மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதிப் பார்த்த எல்லாவற்றிலும் என் கதவு சாத்தியே இருக்கிறது.