மூன்று பத்தியம்

"வாயைத் திற."

கண்ணம்மாள் மருமகளின் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அமிர்தவள்ளி உதடுகளை இறுக மூடிக்கொண்டிருந்தாள். உப்புச் சட்டியின் மூடி அடுப்பங்கரைத் தரையில் கிடந்தது. அதற்கு மேல் சாட்சி எதற்கு?

"திறடி! என் புள்ள உனக்காக வைத்தியர் வைத்தியரா அலையறான். நீ இங்க திருடித் துன்றியா?"

திறந்தாள். நாக்கு நுனியில் ஓர் உப்புக்கல் பாதி கரைந்து கிடந்தது. கண்ணம்மாள் விரலை விட்டு அதை எடுத்து முற்றத்தில் எறிந்தாள். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த மருமகள், அதட்டு வாங்கிய குழந்தை மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"உப்புதான் அத்தை. வேற ஒண்ணும் எடுக்கல."

"பத்தியம் முறிச்சிட்டு வியாக்கியானம் வேற!"

இதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் பட்டம்மாள், அந்த வீட்டின் இளைய மருமகள். கண்ணம்மாளின் மூத்த மகனும் அமிர்தவள்ளியின் புருஷனுமான கோதண்டராமன் ஆம்பூர் தோல் மண்டிகளுக்கு ஆவாரம்பட்டை சப்ளை செய்கிறவன். காட்டில் உரித்த பட்டை வண்டி வண்டியாக வாசலில் வந்து இறங்கும். தோலைப் பதப்படுத்தப் பட்டை மண்டிக்குப் போகும். அதே செடியின் பூ கஷாயத்துக்காக அமிர்தவள்ளியின் அடுப்புக்கு வரும். இரண்டும் அந்த வீட்டில் நன்றாகவே வேலை செய்தன.

அவளுக்கு நோய் ஒன்றில்லை, மூன்று. முதலில் நீரிழிவு வந்தது. வைத்தியர் கன்னியப்பன் வந்து, அரிசியை அறவே விலக்கு, கேழ்வரகு தின்னு என்றார். அடுத்து மூச்சிழுப்பு. ஹகீம் ஆபித் பாஷா கை பார்த்து, கேழ்வரகு குளிர்ச்சி, மோர் குளிர்ச்சி, கீரை குளிர்ச்சி, தொடாதே என்றார். அப்புறம் வயிற்றில் குன்மம். காவேரிப்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கோதுமை சூடு, பருப்பு வாயு, உப்பும் புளியும் விஷம் என்று சொல்லிவிட்டு, போகும்போது ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மூவரும் நல்லவர்கள்தாம். அவரவர் நோயை அவரவர் பார்த்தார்கள். மற்ற இருவரும் எதை விலக்கினார்கள் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூவரும் மறந்துபோய் விட்டுவைத்த பண்டம் ஒன்றே ஒன்று: புடலங்காய். அதை உப்பில்லாமல் வேகவைத்து, காலையும் மாலையும் அவள் தின்றாள்.

போதாக்குறைக்கு, வியாதிக்காரியின் மருந்தைப் பிறத்தியார் தொட்டால் பலிக்காது என்பது கண்ணம்மாளின் கட்டளை. ஆகவே விடியுமுன் தலைமுழுகி, ஈரப்புடவையோடு மூன்று அடுப்பு மூட்டி, மூன்று கஷாயம் காய்ச்சி, சூரணம் இடித்து, அதற்கப்புறம் வீட்டாருக்கும் சமைக்க வேண்டும். இழுப்புக்காரி ஈரப்புடவையில்! இதை யாரிடம் சொல்லி முட்டிக்கொள்வது? தெருவோ கோதண்டராமனை மெச்சியது. "ஒரு பொம்பளைக்கு மூணு வைத்தியம் பாக்கறான். யாரு பாப்பாங்க இந்தக் காலத்துல?"

பட்டம்மாள் மட்டும் மெச்சவில்லை. அவளுக்கும் கொஞ்ச காலமாக அடங்காத தாகம். கொல்லையில் அவள் ஒன்றுக்கு உட்கார்ந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை அவளே பார்த்துவிட்டாள். அமிர்தவள்ளிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

உப்புக்கல் அகப்பட்ட சில நாட்களில் அமிர்தவள்ளி கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். கோதண்டராமன் பயந்துபோய் அவளை ரயிலேற்றி, காட்பாடியில் இறங்கி ஜட்கா பிடித்து, வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனான். துணைக்குப் பட்டம்மாளும் போனாள்.

டாக்டரம்மா சோதித்தாள். என்னென்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கோதண்டராமனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நோய் இருக்குதுங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா இவங்களைச் சாய்ச்சது நோயில்ல, பட்டினி. கஷாயம், சூரணம் எல்லாத்தையும் நிறுத்துங்க. அடுப்புகிட்ட விடாதீங்க. ஒரே மருந்து தர்றேன், சாப்பிட்டப்புறம் குடிக்கணும். கொஞ்சம் சோறு, நிறைய கீரை, மோரு, நாக்குக்கு உப்பு. இனிப்பு மட்டும் வேணாம்."

அமிர்தவள்ளி அழுதாள். ரயிலில் வரும்போது, "சோறுன்னு சொன்னாங்க இல்ல பட்டு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

வீட்டு வாசலில் கண்ணம்மாள் காத்திருந்தாள்.

"இன்னாடா விலக்கச் சொன்னா?"

"இனிப்பைத் தவிர ஒண்ணும் விலக்கலம்மா. மத்த மருந்தெல்லாம் நிறுத்திட்டு சோறு போடச் சொன்னாங்க."

"நல்லா இருக்குதே! விலக்கு சொல்லாத மருந்து ஒரு மருந்தாடா? மூணு பெரிய மனுசங்க சொன்னது பொய்யி, இவ சொன்னது நெசமா? நாளைக்கு ஊரு இன்னா பேசும்? பொண்டாட்டி வைத்தியத்துக்குக் காசைக் கம்மி பண்ணிட்டான்னு பேசும்."

கடைசிச் சொல்தான் அவனைக் குத்தியது. தலையைச் சொறிந்தான். "சரி, அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்" என்றான்.

அவ்வளவுதான். டாக்டரம்மாவின் புட்டி நாலாவது மருந்தாயிற்று. சாப்பிட்டப்புறம் குடிக்க வேண்டும் என்ற உத்தரவை ஒழுங்காகவே நிறைவேற்றினார்கள்: புடலங்காய்க்கு அப்புறம் குடித்தாள். அடுப்பும் ஈரப்புடவையும் அப்படியே இருந்தன.

பட்டம்மாள் ஒருநாள் முந்தானைக்குள் ஒரு கிண்ணம் மோர்ச்சோற்றை மறைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அமிர்தவள்ளி துவைகல்லில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். கை நீண்டது. பாதியில் மடங்கிவிட்டது.

"வேணாம் பட்டு. வாயைத் தொறந்து பாப்பாங்க."

"பாத்தா பாக்கட்டுமே அக்கா! துன்னு!"

"வேணாம். நீ எடுத்துக்கினு போ."

அந்த வாரமே அமிர்தவள்ளி போய்ச் சேர்ந்தாள். கடைசியில் புடவைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. தூக்கியவர்கள் சுமை இல்லை என்றார்கள். அழ வந்தவர்களிடம் கண்ணம்மாள் உப்புக்கல் கதையைச் சொன்னாள். வைத்தியர் கன்னியப்பனும் தலையை ஆட்டினார். "பத்தியம் முறிஞ்சா தன்வந்திரியே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

காரியத்தன்று வீடு மணத்தது. கூடத்தில் புதுப்புடவை மடித்து வைத்து, விளக்கேற்றி, தலைவாழை இலை விரித்தார்கள். செத்தவள் ஆசைப்பட்டதையெல்லாம் படைக்க வேண்டுமல்லவா? மலையாகச் சோறு, பருப்பு, கீரை, மோர், வடை, பாயசம். வைத்தியர்கூடச் சாப்பாட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். கண்ணம்மாள் இலையைச் சுற்றிப் பார்த்தாள். கண் கலங்கியது; அதுவும் பொய்யில்லை.

"உப்பு வெச்சீங்களா? அவளுக்கு உப்புன்னா உசுரு. ஜாஸ்தியாவே வை. இனிமே அவளை யாரு கேக்கப்போறாங்க?"

பட்டம்மாள்தான் உப்பை எடுத்து வந்தாள். இலையின் ஓரத்தில் வைத்தாள். வைத்தவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே சம்மணம் போட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பாயசத்தை ஒதுக்கி அப்பால் தள்ளினாள். கொஞ்சம் சோறு எடுத்தாள், நிறையக் கீரை போட்டுப் பிசைந்து வாயில் போட்டாள்.

"அடிப்பாவி! காக்கா இன்னும் எடுக்கல! செத்தவ இலைடி அது! எழுந்திருடி!" கண்ணம்மாள் ஓடிவந்து அவள் தாடையைப் பிடித்தாள்.

பட்டம்மாள் அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். வாயை அவளாகவே அகலத் திறந்து, உள்ளே இருந்த சோற்றைக் காட்டினாள். பிறகு மென்று விழுங்கினாள்.

"எனக்கும் அதே சீக்குதான் அத்தை. எனக்கு இப்பவே படைச்சிடுங்க."

அவள் உப்பைத் தொட்டுக்கொண்டு அடுத்த கவளத்தை எடுத்தாள்.