ரிப்பன் இருந்த பக்கம்

நூற்று நாற்பத்து மூன்று மணி நேரம், நாற்பது நிமிடம்... இன்னும் இருபது நிமிடம் போனால் சரியாக ஆறு நாள், அம்மா மதியச் சாப்பாட்டு மேசையில் வேதப்புத்தகத்தை வாசித்து மூடிவிட்டு, எழுந்திருக்கப் போய், எழுந்திருக்க முடியாமல் அப்பாவின் தோளில் சாய்ந்து ஆறு நாள். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு, பேச்சு போய்விட்டது என்றார் டாக்டர், ஆனால் முழுக்கப் போகவில்லை, நாளுக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது, பன்னிரண்டு நாற்பதுக்கு, ஆஸ்பத்திரியில் மதியத் தட்டை எடுத்துக்கொண்டு போனதும், ஒரே ஒரு வார்த்தை. புதன்கிழமை, பேசுங்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டு உடனே பேசினோம், அப்பா மழையைப் பற்றி, நான் வந்த பேருந்தைப் பற்றி, அம்மாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. வியாழன், நெருப்பு. நர்ஸ் ஃபெம்கே ஹீட்டரைக் குறைத்துவிட்டுப் போனாள். வெள்ளி, கண்கள். சனி, வாற்கோதுமை அறுவடை, எங்கள் மொழியில் அது ஒற்றைச் சொல். நேற்று, மாமியார். ஃபெம்கேவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, என்ன ஐயா, அம்மாவுக்கு மாமியார் மேல அவ்ளோ பாசமா என்றாள். எங்கம்மா செத்து முப்பது வருஷம் ஆச்சும்மா, உயிரோட இருந்தப்பவே இவ ஒரு நாளும் தேடினதில்ல, இப்ப போயி ஏன் கூப்பிடுறா என்றார் அப்பா. சிரிக்கத்தான் செய்தார், ஆனால் கை தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தது.

நான் சிரிக்கவில்லை. அது எந்த மாமியார் என்று எனக்குத் தெரியும், ரூத்தின் மாமியார், வேதத்தில் ரூத் புத்தகம் இரண்டாம் அதிகாரம், எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் அந்த அதிகாரம் அந்தச் சொல்லில் முடிகிறது. அதற்கு முந்தைய அதிகாரம் அறுவடையில் முடியும், அதற்கும் முன்னால் நியாயாதிபதிகள் புத்தகத்தின் கடைசி அதிகாரம், கண்கள்... அம்மா சொல்வது நாளுக்கு ஒரு அதிகாரத்தின் கடைசிச் சொல் என்று வெள்ளிக்கிழமையே புரிந்துவிட்டது. எங்கள் தீவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான், சாப்பாடு முடிந்ததும் ஒரு அதிகாரம், ஆதியாகமத்திலிருந்து வரிசையாக, ஒரு நாளும் தவறாமல், வாசித்து முடித்ததும் பிள்ளைகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார்கள், கடைசி வார்த்தை என்ன? கவனித்தவள் சொல்வாள், கனவு கண்டவள் மாட்டிக்கொள்வாள். சனிக்கிழமை காலையில் ஒரு தாளில் அறுவடை என்று எழுதி மடித்துப் பைக்குள் வைத்தேன், சோதனை என்றால் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் இல்லையா. பன்னிரண்டு நாற்பதுக்கு அம்மா அதைச் சொன்னாள். தாளைப் பிரிக்காமலேயே கழிப்பறைக்குப் போய்க் கைகளை வெந்நீரில் வைத்துக்கொண்டு நின்றேன். காரணம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன், அம்மா முழு வேதத்தையும் எத்தனையோ முறை வாசித்து முடித்தவள், மூளையின் ஏதோ ஒரு மூலையில் பக்கங்கள் தாமாகவே புரளலாம், பேச்சு வேறு இடத்தில் இருக்கிறது, மனப்பாடம் வேறு இடத்தில்...

இன்று தட்டில் மசித்த உருளைக்கிழங்கு, மசித்த பீன்ஸ், பிறகு கஸ்டர்ட். ஊட்டுகிறேன். வலது பக்க உதட்டில் வழிகிறது, துடைக்கிறேன், அம்மா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே காற்றாலை சுற்றுவதையும் பார்க்கவில்லை, எதையோ முடித்துக்கொண்டிருக்கிறவளின் முகம். அப்பா இன்று வீட்டு வேதத்தைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். கண்ணில் புரை வந்ததிலிருந்து வாசிப்பது அம்மாவின் வேலையாகிவிட்டது, இந்த ஆறு நாளும் தெரிந்த சங்கீதங்களைச் சொல்லி ஒப்பேற்றினார், இனி முடியாது, நீ வாசி மினா, நீதான் தினமும் வாசிக்கிறவளாச்சே என்கிறார். கரண்டி கிண்ணத்தில் இடித்துச் சத்தம் வருகிறது. தினமும். படிக்கப் போன முதல் வருடம் வாசித்தேன், அது உண்மை, அறையில் தனியாக, அம்மாவுக்கும் எனக்கும் ஒரே அதிகாரம், பன்னிரண்டு நாற்பதுக்குப் போன் வரும், கடைசி வார்த்தை? சொல்வேன். சரி கண்ணு, என்பாள், வைத்துவிடுவாள். பிறகு ஒரு நாள் சோதனைக்கூடத்தில் நேரமாகிவிட்டது, செல்போனில் தேடிச் சொன்னேன். சரி கண்ணு. மறுநாளும். அப்புறம் தேடுவது கூட எதற்கு என்று ஒரு பட்டியல் செய்தேன், ஆயிரத்து நூற்று எண்பத்தொன்பது அதிகாரம், ஒவ்வொன்றின் கடைசிச் சொல், எதிரே தேதி. அரை மணி நேர வேலை, அன்றைக்கு என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடையாளத்துக்கு வெச்ச ரிப்பனப் பிடிச்சுத் தெறந்திடாத, அது தப்பான எடத்துல கெடக்கு என்கிறார் அப்பா. ஏம்ப்பா? உங்கம்மா வரிசையக் கெடுத்துட்டா, நானும் சொல்லிப் பார்த்தேன், ஒழுங்கா வந்திருந்தா நாம இன்னும் கிதியோன் கதையிலதான் இருக்கணும், பதினோரு அதிகாரம் நம்ம வீட்டுல வாசிக்காமலே போச்சு, அம்பது வருஷத்துல இப்படி நடந்ததில்ல. பதினொன்று. நான் எண்ணுகிறேன், விரல்கள் மேசைக்கு அடியில் எண்ணுகின்றன, விதைப்புக்காக ஜெபிக்கும் புதன்கிழமை, அறுவடைக்கு நன்றி சொல்லும் புதன்கிழமை, கிறிஸ்துமஸ்... அந்த நாட்களில் கோயிலுக்குப் போவார்கள், வீட்டில் அந்த நாளுக்கு உரிய பகுதியை வாசிப்பார்கள், போன் வராது, வரிசை ஒரு நாள் நிற்கும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம். பட்டியலுக்கு அது தெரியாது. பட்டியல் நிற்கவே இல்லை. அப்படியானால் ஒவ்வொரு பண்டிகைக்கும் மறுநாள் நான் சொன்னது அம்மா வாசித்த அதிகாரத்தின் சொல் இல்லை, அடுத்ததன் சொல்... ஒரு தடவை போனில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது, பின்னால் கடிகாரம், பிறகுதான் சரி கண்ணு. ஏன் தாண்டினாங்கன்னு கேட்டீங்களாப்பா? கேட்காம இருப்பேனா, பொண்ணு அங்க போயிட்டா, நாமளும் போவோம், அவளைத் தனியா விடக் கூடாதுன்னு சொன்னா, எனக்கு ஒண்ணும் புரியல, உனக்குப் புரியுதா?

ரிப்பன் கிடக்கும் பக்கத்தையே திறக்கிறேன். நியாயாதிபதிகள் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, பட்டியலில் செவ்வாய்க்கு எதிரே உள்ள அதே எண். அம்மா வீட்டின் வரிசையை விட்டுவிட்டு என் தேதிகளுக்கு வந்திருக்கிறாள், பதினோரு முறை, நான் இருக்கிறேன் என்று நம்பிய பக்கத்துக்கு, நான் ஒரு நாளும் இல்லாத பக்கத்துக்கு. அங்கே போய் உட்கார்ந்து தினமும் என்னைக் கேட்டிருக்கிறாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாளா, இந்த ஆறு நாளும், புத்தகம் இல்லாமல், கண்ணை வைக்க எழுத்து இல்லாமல், நான் முன்னால் போகிறேன் என்று நினைத்து நாளுக்கு ஒரு அதிகாரம்... தெரிந்துதான் வந்தாளா? தெரிந்திருந்தால் அந்த சரி கண்ணு எதற்கு? முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது, திரும்பினால் சுவர், கை கழுவும் தொட்டி, அவ்வளவுதான்.

ஃபெம்கே தட்டை எடுக்க வருகிறாள், இன்னைக்கு என்ன சொல்லப் போறாங்களோ, நாத்தனாரக் கூப்பிடுவாங்களா என்று கண்ணடிக்கிறாள், அப்பா இந்த முறை சிரிக்கவில்லை. பன்னிரண்டு முப்பத்தொன்பது. அம்மாவின் இடது கை போர்வை மேல் மெதுவாக நகர்கிறது, எதையோ மூடுகிறது, எதையோ இழுத்துவிடுகிறது. உதடு பிரிகிறது. காத்திருக்கிறோம். சொல் வரவில்லை. ஆறு நாளில் முதல் முறையாக அம்மாவின் கண்கள் ஜன்னலை விட்டு வந்து என் மேல் நிற்கின்றன, இடது புருவம் மட்டும், அசையக்கூடிய அந்த ஒன்று மட்டும், மேலே போகிறது. இன்றைய அதிகாரத்தின் கடைசிச் சொல் எனக்குத் தெரியும், செல்போனில் இருக்கிறது, கால்சட்டைப் பையில், தொடையில் சூடாக உறுத்துகிறது, சொன்னால் போதும், சொன்னால் நாளைக்கும் அடுத்த பக்கத்துக்கு அவள் தனியாகப் போவாள். புருவம் இறங்கவில்லை. சொல்லு, அவ உன்னத்தான் கேக்கிறா என்கிறார் அப்பா. புத்தகத்தை மூடி அம்மாவின் மடியில் வைக்கிறேன்.

"அம்மா, நான் வாசிக்கல. ரெண்டு வருஷமா ஒரு நாள் கூட வாசிக்கலம்மா."